எஞ்சினின் எடை என்ன?

இரு சக்கர வண்டிகளைப் பழுது பார்க்கும் பட்டறையில் நீங்கள் சற்று நேரம் நின்று பார்த்திருப்பீர்கள். 100 சி.சி. வண்டியின் எஞ்சினைச் சட்டத்திலிருந்து கழற்றியதும், அங்கே வேலை பழகும் பையன் ஒருவனே அதைத் தூக்கிப் பலகைமேல் வைத்துவிடுவான். கார்ப் பட்டறையில் அப்படி நடக்காது. அங்கே எஞ்சினை வெளியே எடுக்க உத்தரத்தில் சங்கிலிக் கப்பி மாட்ட வேண்டும். இரண்டு பேர் பிடித்துக்கொள்ள வேண்டும்.

இதைக் கண்டவர் மனத்தில் ஒரு கேள்வி எழுவது இயல்பு. மோட்டார் சைக்கிள் எஞ்சின் இவ்வளவு இலேசானது என்றால், அதையே காரில் வைத்தால் என்ன? பெரிய மோட்டார் சைக்கிள்களின் எஞ்சின்கள் 150 குதிரைத் திறனுக்கு மேல் தருகின்றன. நம் தெருக்களில் ஓடும் பல கார்களுக்கு அதில் பாதிதான் இருக்கும். அப்படியிருக்கக் கார் செய்பவர்கள் ஏன் இந்தப் பாரமான இரும்பைக் கட்டி அழுகிறார்கள்?

வெறும் வாயால் கேட்கப்படும் கேள்வி அன்று இது. இங்கிலாந்தில் இதைக் கேட்டு, செய்தும் பார்த்தவர்கள் ஏராளம். அவர்கள் கண்ட விடையில் எந்திரவியல் பாடம் ஒன்று முழுதாக அடங்கியிருக்கிறது.

கொட்டகையில் பிறக்கும் கார்

இங்கிலாந்தில் 'கிட் கார்' என்று ஒரு வகை உண்டு. காரை முழுதாக வாங்காமல் சட்டம், உடல் தகடு, இருக்கை முதலியவற்றைத் தொகுப்பாக வாங்கி, எஞ்சினையும் அச்சையும் பழைய கார் ஒன்றிலிருந்து கழற்றி, வீட்டுக் கொட்டகையிலேயே பூட்டிக்கொள்வது இதன் முறை. 1973 வரை அந்நாட்டில் புதுக் காருக்குக் கொள்முதல் வரி இருந்தது. பாகங்களாக வாங்கினால் அந்த வரி இல்லை. காலின் சாப்மன் என்பவர் 1957இல் வெளியிட்ட 'லோட்டஸ் செவன்' என்னும் சிறு கார் இந்தச் சலுகையால்தான் பெரிதும் விற்றது. 1973இல் அதைச் செய்யும் உரிமை கேட்டர்ஹாம் நிறுவனத்துக்குச் சென்றது. அதே ஆண்டில் வரி முறையும் மாறியது. சலுகை போயிற்று, ஆனால் தாமே கார் பூட்டும் ஆசை போகவில்லை. வெறும் 250 பவுண்டில் விளையாட்டுக் கார் செய்துகொள்வது எப்படி என்று ரான் சாம்பியன் என்னும் ஆசிரியர் 1996இல் எழுதிய நூல், ஆயிரக்கணக்கானவர்களைப் பற்றவைப்புக் கருவியும் கையுமாகக் கொட்டகைக்குள் அனுப்பியது.

இந்தக் கார்களுக்குக் கதவு கிடையாது, கூரை கிடையாது. மொத்த எடை 500 அல்லது 600 கிலோதான். ஆகவே எஞ்சினில் குறையும் ஒவ்வொரு கிலோவும் கணக்கில் வரும். 1200 கிலோ எடையுள்ள குடும்பக் காரில் 90 கிலோ குறைந்தால் அது நூற்றுக்கு ஏழரை. 550 கிலோ காரில் அதே 90 கிலோ நூற்றுக்குப் பதினாறு. கிட் கார் செய்பவர் தராசையே நினைத்துக்கொண்டு தூங்குவதற்கு இதுதான் காரணம்.

தராசில் எதை வைத்தீர்கள்?

இனி எடைக்கு வருவோம். இந்தக் கார்களில் நெடுங்காலம் வழக்கத்தில் இருந்தது போர்டு நிறுவனத்தின் 'கிராஸ்புளோ' எஞ்சின். 1599 சி.சி.; அடிப்பகுதியும் தலைப்பகுதியும் வார்ப்பிரும்பு. அதன் எடை சுமார் 115 கிலோ. மறுபுறம் யமஹா 1998இல் வெளியிட்ட 'ஆர்-1' மோட்டார் சைக்கிளின் 998 சி.சி. எஞ்சின். அது சுமார் 65 முதல் 70 கிலோ. அப்படியானால் வேறுபாடு 45, 50 கிலோ என்று கூறிவிடலாமா?

கூடாது. இங்கேதான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள்.

கார் எஞ்சினின் எடை என்று நாம் படிக்கும் எண்ணில் கியர்ப் பெட்டி இல்லை. பெரும்பாலும் கிளட்சும் பிளைவீலும் இல்லை. ஸ்டார்ட்டர் மோட்டாரும், மின்கலத்தை நிரப்பும் ஆல்டர்னேட்டரும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். எண்ணெய் ஊற்றிய பின் நிறுத்தார்களா, அதற்கு முன்னா என்பதும் எழுதியவருக்கே வெளிச்சம். மோட்டார் சைக்கிள் எஞ்சினை நிறுக்கும்போதோ இவை அனைத்தும் தாமாகவே தராசில் ஏறிவிடுகின்றன. அதில் எஞ்சினும் கிளட்சும் கியர்ப் பெட்டியும் ஒரே கூட்டுக்குள் இருக்கின்றன; ஒரே எண்ணெயில் நனைகின்றன. கியர்ப் பெட்டியை விட்டு எஞ்சினை மட்டும் நிறுக்க நினைத்தாலும் முடியாது.

ஆகவே கார் எஞ்சின் பக்கம் விட்டுப்போனவற்றைச் சேர்த்துப் பாருங்கள். ஐந்து கியர்கள் கொண்ட போர்டு கியர்ப் பெட்டி சுமார் 35 கிலோ. பிளைவீலும் கிளட்சும் சேர்ந்து பத்துப் பதினைந்து கிலோ. ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர் வகையில் இன்னும் சில கிலோ. 115 ஆக இருந்த எண் 165, 170 என்று போய் நிற்கும். வேறுபாடு 50 அன்று, 100 கிலோ! (இவை முழு எண்ணாக்கிய கணக்குகள். எஞ்சினுக்கு எஞ்சின் சில கிலோ கூடும், குறையும்.)

இன்னொன்றையும் கவனியுங்கள். எல்லாக் கார் எஞ்சினும் இரும்பன்று. 1988இல் வந்த ரோவர் 'கே' வகை எஞ்சின் அலுமினியக் கலவையால் ஆனது; 1.8 லிட்டர் அளவிலும் அதன் எடை ஏறத்தாழ 100 கிலோதான். வார்ப்பிரும்பின் அடர்த்தி தண்ணீரைப்போல் 7 மடங்குக்குச் சற்று மேல், அலுமினியத்துடையது 2.7 மடங்கு. எனவே மோட்டார் சைக்கிளுக்கும் காருக்கும் உள்ள வேறுபாடு என்று நாம் எண்ணுவதில் ஒரு பகுதி, உண்மையில் அலுமினியத்துக்கும் இரும்புக்கும் உள்ள வேறுபாடு. பழைய இரும்பு எஞ்சினைப் புது அலுமினிய எஞ்சினோடு ஒப்பிட்டு 'மோட்டார் சைக்கிள் வென்றது' என்பது நியாயமான பந்தயமாகாது.

சிறிய வாய், பெரிய பசி

அலுமினியம் ஒரு பகுதிதான் என்றால் மீதி எங்கிருந்து வருகிறது? 998 சி.சி. எஞ்சின் 150 குதிரைத் திறன் தர, 1599 சி.சி. எஞ்சின் (எஸ்கார்ட் மெக்சிகோ காரில் இருந்ததுபோல்) 86 மட்டும் தருவது எப்படி?

எஞ்சின் என்பது காற்றை உண்ணும் எந்திரம். எவ்வளவு காற்றை உள்ளிழுக்கிறதோ அதற்கேற்ற அளவு பெட்ரோலைத்தான் எரிக்க முடியும். நான்கு வீச்சு எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை தன் கொள்ளளவு நிரம்பக் காற்று இழுக்கும் என்று கொள்வோம். கிராஸ்புளோ எஞ்சின் தன் உச்சத் திறனை நிமிடத்துக்கு 5500 சுற்றில் தருகிறது. 1.599 லிட்டரை 5500ஆல் பெருக்கி இரண்டால் வகுத்தால் நிமிடத்துக்குச் சுமார் 4400 லிட்டர். ஆர்-1 எஞ்சினின் உச்சம் 10,000 சுற்றில். 0.998ஐ 10,000ஆல் பெருக்கி இரண்டால் வகுத்தால் 4990 லிட்டர். உருவத்தில் சிறியது, உண்பதில் பெரியது! இது தவிர, அந்த யமஹா எஞ்சினில் சிலிண்டருக்கு ஐந்து வால்வுகள், போர்டில் இரண்டே. சுற்று கூடக் கூடப் போர்டு எஞ்சினுக்கு மூச்சு முட்டும், யமஹாவுக்கு முட்டாது. அழுத்த விகிதமும் யமஹாவில் அதிகம். ஆகவே இழுத்த காற்றிலிருந்து அது பெறும் வேலையும் கூடுதல்.

அப்படியானால் போர்டு எஞ்சினையும் 10,000 சுற்று சுற்றவிடலாமே என்று கேட்பீர்கள். விட்டால் வெடித்துச் சிதறும். அதன் பிஸ்டன் ஒரு வீச்சில் 77.6 மில்லிமீட்டர் செல்கிறது. ஆர்-1 பிஸ்டன் 58 மில்லிமீட்டர்தான். 10,000 சுற்றில் ஆர்-1 பிஸ்டனின் சராசரி வேகம் வினாடிக்கு 19 மீட்டர். போர்டு பிஸ்டனை அதே சுற்றில் ஓட்டினால் 26 மீட்டர். வேகத்தைவிட ஆபத்தானது, பிஸ்டன் ஒவ்வொரு முறையும் மேலே போய் நின்று திரும்புவதுதான். ஆர்-1 எஞ்சினிலேயே அத்திருப்பத்தில் முடுக்கம் புவியீர்ப்பைப்போல் 3000 மடங்குக்கு மேல். 200 கிராம் பிஸ்டன் அந்தக் கணத்தில் 600 கிலோவுக்கு மேற்பட்ட பாரமாக இணைப்புத் தண்டை இழுக்கும். நிமிடத்துக்குப் பதினாயிரம் முறை! பிஸ்டனும் தண்டும் சிறியனவாக, இலேசானவையாக இருந்தால்தான் இதைத் தாங்க முடியும். இலேசானவை என்பதால் வேகமாகச் சுற்றலாம். வேகமாகச் சுற்றுவதால் சிறியதே போதும். சிறியதே போதும் என்பதால் மேலும் இலேசாகிறது. இந்தச் சுழலில்தான் மோட்டார் சைக்கிள் எஞ்சினின் இலேசு பிறக்கிறது.

முறுக்கு விசையைப் பார்த்தால் முதலில் ஏமாற்றமாகத்தான் இருக்கும். போர்டு எஞ்சின் 4000 சுற்றில் சுமார் 125 நியூட்டன் மீட்டர் தரும். ஆர்-1 தருவது 8500 சுற்றில் 108. ஆனால் சக்கரத்துக்குப் போவது எஞ்சினின் முறுக்கு நேராக அன்று, பற்சக்கரங்கள் வழியாக. 8500 சுற்றைப் பற்சக்கரங்களால் பாதியாகக் குறைத்தால் 108 என்பது, உராய்வில் போவது நீங்கலாக, 216 ஆகிவிடும். அதே 4000 சொச்சம் சுற்றில் போர்டிடம் இருப்பது 125தான். சக்கரத்துக்கு இந்தக் கணக்குப் போதும். புறப்படும்போது மட்டும் போதாது. அதற்குப் பிறகு வருகிறேன்.

இலேசுக்கு விலை

கார் செய்பவர் 100 கிலோ மிச்சம் என்று மகிழ்ந்து எஞ்சினைக் கொட்டகைக்குக் கொண்டுவருகிறார். அன்றிலிருந்தே அந்த மிச்சம் கரையத் தொடங்குகிறது.

முதலாவது, மோட்டார் சைக்கிளுக்குப் பின்னோக்கிச் செல்லும் கியர் கிடையாது. காலால் தள்ளினால் போதும். பிரிட்டிஷ் விதியின்படி 410 கிலோவுக்கு மேற்பட்ட மோட்டார் வாகனம் பின்னோக்கியும் ஓட வல்லதாக இருக்க வேண்டும். எனவே தனி ரிவர்ஸ் பெட்டியோ மின் மோட்டாரோ பூட்டுகிறார்கள். அதில் ஒரு பத்துக் கிலோ திரும்பி வந்துவிடும். அடுத்து, மோட்டார் சைக்கிளில் கிராங்க் தண்டு வண்டிக்குக் குறுக்காக இருக்கிறது. சங்கிலி ஓட்டும் பற்சக்கரம் இடப்பக்கம். செவன் போன்ற காரில் எஞ்சின் முன்னால், ஓட்ட வேண்டிய சக்கரங்கள் பின்னால். ஆகவே எஞ்சினைக் கால் வட்டம் திருப்பி, இடப்பக்கம் பின்னோக்கும்படி வைத்து, சங்கிலிப் பற்சக்கரம் இருந்த இடத்தில் நீண்ட சுழல் தண்டைப் பூட்டுகிறார்கள். தண்டும் அதைத் தாங்கும் பிடிகளும் தனி எடை. எல்லாம் போகக் கையில் நிற்பது 80, 90 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். அதுவும் சிறிதன்று. எஞ்சினோடு ஏறத்தாழ முழுதாக முன் சக்கரங்களிலிருந்து குறைவது அது. பழைய விற்சுருளையே விட்டுவைத்தால் காரின் மூக்கு மேலே தூக்கிக்கொண்டு நிற்கும்.

புறப்படும் சங்கடம் இரண்டாவது. கார் எஞ்சினில் கனத்த பிளைவீல் இருக்கிறதல்லவா? அது சேமித்து வைத்த சுழற்சி ஆற்றலே, கிளட்சை விடும்போது காரை மெல்ல நகர்த்துகிறது. மோட்டார் சைக்கிள் எஞ்சினில் அத்தகைய பிளைவீல் இல்லை. குறைந்த சுற்றில் முறுக்கும் இல்லை. மேலும் அதன் கிளட்ச், ஆளோடு சேர்த்து 300 கிலோவுக்கும் குறைவான வண்டியை நகர்த்துவதற்காகச் செய்யப்பட்டது. இங்கே இருமடங்கு பாரம். சரிவான சாலையில் சிக்னலில் நின்று நின்று புறப்பட்டால் கிளட்ச் தகடுகள் கருகிப்போகும். கடினமான விற்சுருள்களைப் போட்டுச் சமாளிக்கிறார்கள். குடும்பத்தோடு கடைத்தெருவுக்குப் போக இந்தக் காரை எடுத்தவர் இரண்டாம் முறை எடுக்கமாட்டார் என்பது என் எண்ணம்.

எண்ணெய் எங்கே போயிற்று?

மூன்றாவது சங்கடம்தான் எஞ்சின்களைக் கொல்வது. அதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

குழம்பு நிறைந்த தூக்குச் சட்டியைக் கையில் பிடித்து வீசிக்கொண்டே போகும் சிறுவனைப் பார்த்திருப்பீர்கள். குழம்பு சிந்துவதில்லை. ஏனென்றால் வீச்சுக்கு ஏற்பச் சட்டியும் சாய்கிறது. சட்டிக்குள் இருக்கும் குழம்புக்குக் 'கீழ்' என்பது எப்போதும் சட்டியின் அடிப்பக்கமாகவே இருக்கிறது. மோட்டார் சைக்கிள் வளைவில் திரும்பும்போது நடப்பதும் இதுவே. வண்டி சாய்கிறது, எஞ்சினும் சாய்கிறது. அடியிலுள்ள எண்ணெய், சாய்ந்த எஞ்சினைப் பொறுத்தவரை மட்டமாகவே நிற்கிறது. எண்ணெய் உறிஞ்சும் குழாய் அதில் மூழ்கியே இருக்கும்.

கார் சாய்வதில்லை. அதே குழம்பைத் தட்டில் ஊற்றிப் பேருந்தில் கொண்டுபோவதுபோன்ற நிலை. வளைவில் பக்கவாட்டு முடுக்கம் புவியீர்ப்புக்குச் சமமானால், எண்ணெயின் மேற்பரப்பு 45 பாகை சாய்ந்துவிடும். நல்ல டயர் போட்ட இலேசான கார் இந்த முடுக்கத்தை எட்டக் கூடியதே. எண்ணெய் முழுவதும் ஒரு பக்கச் சுவரில் ஏறிக்கொள்ள, உறிஞ்சும் குழாய் காற்றை உறிஞ்சும். கிராங்க் தண்டின் தாங்கிகளில் உலோகமும் உலோகமும் தொடாமல் காப்பது மெல்லிய எண்ணெய்ப் படலமே. 9000 சுற்றில் ஓடும் எஞ்சினில் அந்தப் படலம் ஓரிரு வினாடி அறுந்தாலும் போதும். தாங்கி உருகிப் பிடித்துக்கொள்ளும். எஞ்சின் மோட்டார் சைக்கிளில் ஆண்டுக்கணக்கில் ஒரு குறையுமின்றி ஓடியிருக்கும். காரில் ஏறிய முதல் பந்தயத்திலேயே, நீண்ட ஒரு வளைவில், முடிந்துபோகும். செய்தவர் எஞ்சின் விற்றவரைத் திட்டுவார். எஞ்சின்மேல் பிழையில்லை, அது சாயும் என்று நம்பிச் செய்யப்பட்டது.

இதற்குப் பரிகாரம் உண்டு. எண்ணெய்த் தொட்டிக்குள் தடுப்புத் தகடுகளும், ஒரு பக்கம் மட்டும் திறக்கும் சிறு கதவுகளும் வைத்து, எண்ணெய் குழாயை விட்டு ஓடாமல் சிறைப்படுத்தலாம். பந்தயக்காரர்கள் ஒரு படி மேலே போய், எண்ணெயைத் தனி உயரத் தொட்டியில் வைத்துப் பம்பினால் அனுப்பும் முறையைப் பூட்டுகிறார்கள். அதற்கும் பணம், அதற்கும் எடை! ஆயினும் கிட் காருக்கு மோட்டார் சைக்கிள் எஞ்சின் வாங்க எண்ணுபவர் முதலில் காசு ஒதுக்க வேண்டியது இதற்குத்தான். ஜிகினாச் சக்கரங்களுக்கு அன்று.

பழைய எண்ணம், புதிய உருவம்

இதெல்லாம் இன்று நேற்றுத் தோன்றிய யோசனை அன்று. இங்கிலாந்தின் மார்கன் 1909இல் தம் முதல் மூன்று சக்கரக் காரை மோட்டார் சைக்கிள் வகை இரட்டைச் சிலிண்டர் எஞ்சின் கொண்டுதான் செய்தார். 1946இல் சார்லஸ் கூப்பரும் அவர் மகன் ஜானும் 500 சி.சி. மோட்டார் சைக்கிள் எஞ்சினை வைத்து ஒரு பந்தயக் கார் செய்தனர். சங்கிலியால் பின் அச்சை ஓட்ட வேண்டுமானால் எஞ்சின் அச்சுக்கு அருகே இருப்பதே வசதி. ஆகவே எஞ்சினை ஓட்டுநருக்குப் பின்னால் வைத்தனர். சங்கிலிக்காகச் செய்த இந்த ஏற்பாடு பெரிய பந்தயக் கார்களின் அமைப்பையே மாற்றிவிட்டது. 1959, 1960 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ஜாக் பிரபாம் உலகப் பட்டம் வென்றது, எஞ்சின் பின்னால் அமைந்த கூப்பர் கார்களில்தான். சில ஆண்டுகளில் முன்புற எஞ்சின் அப்பந்தயங்களிலிருந்து மறைந்தது.

கோவையை அடுத்த செட்டிப்பாளையத்திலுள்ள கரி பந்தயத் திடலில், பொறியியல் மாணவர்கள் தாமே செய்த சிறு பந்தயக் கார்களைக் கொண்டுவரும் போட்டி நடந்து வருகிறது. பெட்ரோல் கார்களில் பெரும்பாலானவற்றுள் இருப்பது மோட்டார் சைக்கிள் எஞ்சினே. எஞ்சின் 710 சி.சி.க்கு மேற்படக் கூடாது, காற்று 20 மில்லிமீட்டர் துளை வழியாகவே செல்ல வேண்டும் என்பது இவ்வகைப் போட்டிகளின் விதி. எஞ்சின் உண்ணும் காற்றை அளந்தால் திறனை அளந்ததாகும் என்று மேலே கண்டோமே, அதுதான் இங்கே சட்டமாகியிருக்கிறது.

இங்கிலாந்தின் ராடிகல் நிறுவனம் இன்னொரு துணிவான காரியம் செய்தது. சுசூகி ஹயபுசா மோட்டார் சைக்கிளின் நான்கு சிலிண்டர் அமைப்பைப் பின்பற்றி, இரண்டு வரிசையாக எட்டுச் சிலிண்டர்கள் கொண்ட 'வி' வடிவ எஞ்சினைச் செய்வித்துத் தன் எஸ்.ஆர்-8 காரில் பூட்டியது. அக்காரின் ஒரு வகை 2009இல், ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பாதையில் 20 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட சுற்றை 6 நிமிடம் 48 வினாடியில் முடித்தது. ஆனால் இரண்டு வரிசை ஒன்றான அந்த எஞ்சினுக்கு மோட்டார் சைக்கிளின் கூட்டுக் கியர்ப் பெட்டி பொருந்தாது. தனிக் கியர்ப் பெட்டி வைக்க வேண்டியதாயிற்று. ஆகவே அதன் எஞ்சின் எடையை எங்கேனும் நீங்கள் படிக்க நேர்ந்தால், கியர்ப் பெட்டி அதில் சேர்ந்ததா என்று கேட்க மறவாதீர்கள்.